வால்காரரின் இரத்த அழுத்தம்

அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் மூன்றாம் மாடியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வால்காரர் என்றால்தான் தெரியும். இயக்குநர்கூட ஒருமுறை வெளியிலிருந்து வந்த விருந்தினரிடம், "இவர்தான் எங்க வால்காரர்" என்று அறிமுகப்படுத்திவிட்டார். விருந்தினர் தன்னையறியாமல் அவருடைய பின்பக்கத்தை எட்டிப் பார்த்ததும்தான் என்ன சொன்னோம் என்பதே இயக்குநருக்கு உறைத்தது.

வால் எலிகளுடையது. பிறவியிலேயே இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் இனத்து எலிகள் அங்கே நாற்பத்தெட்டு இருந்தன. மனிதனுக்குக் கையில் பட்டை கட்டி அளப்பதுபோல எலிக்கு வாலில் கட்டி அளக்க வேண்டும். சொல்வது சுலபம். எலியை ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாய்க்குள் தானாக நுழைய வைத்து, வாலை மட்டும் வெளியே விட்டு, அடியில் இளஞ்சூடான விரிப்பைப் போட்டு, வாலின் தொடக்கத்தில் மோதிரம் போன்ற சின்னப் பட்டையை மாட்டி, அது அசையாமல் மூச்சுவிடும் நேரம் பார்த்து அளக்க வேண்டும். எலி பயந்தால் எண் ஏறிவிடும். பயந்த எலியின் எண் குப்பைக்குத்தான்.

பட்டம் படித்தவர்கள் பலர் இந்த வேலையில் விரலைக் கடிக்கக் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். வால்காரர் இருபத்தோரு வருடத்தில் இரண்டே முறை கடி வாங்கியவர். "அதுல ஒண்ணு என் தப்பு" என்று நியாயமும் சொல்வார். அவர் விளக்கைத் தணிப்பார். ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யமாட்டார். மூக்குக்குள்ளேயே ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பார். அது பாட்டா, பெருமூச்சா என்று மனிதர்களுக்குப் புரிந்ததில்லை. எலிகளுக்குப் பிடித்திருந்தது. முதல் இரண்டு அளவைத் தள்ளிவிட்டு அடுத்த ஐந்தை எழுதுவார். அவர் எழுதிய எண்ணை யாரும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை.

இப்படி ஊரில் உள்ள எலிக்கெல்லாம் பிரஷர் பார்த்த மனிதர், தனக்கு மட்டும் பார்த்துக்கொள்ள மாட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அலுவலகத்தில் எல்லோருக்கும் உடம்பு பரிசோதனை நடந்தது. அப்போது அவருக்கு மேலே நூற்று அறுபத்திரண்டு, கீழே தொண்ணூற்றெட்டு. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் விழுங்கினார். தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, பிறகு எதற்கு மாத்திரை என்று பதினோராம் நாள் நிறுத்திவிட்டார். வெள்ளைக் கோட்டைக் கண்டால் சிலருக்குப் பயத்திலேயே பிரஷர் ஏறும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அது தனக்காகவே சொன்னதுபோல் இருந்தது. தினமும் எட்டு மணி நேரம் வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவில்தான் வேலை பார்க்கிறோம், தானும் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் நிற்கிறோம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. வீட்டில் இரண்டே பேர் இருக்கும்போதும் அதே அளவில்தான் பேசுவாள்.

"வண்டியில சிவப்பு லைட் எரிஞ்சா நான் ஓரங்கட்டிப் பாப்பேன். நீங்க அந்த லைட்டையே கழட்டி வீசிட்டு ஓட்டுற ஆளு" என்றாள்.

"எனக்குத் தெரியாத பிரஷரா? நாப்பத்தெட்டு பேருக்கு நான்தான் பாக்குறேன்."

"அந்த நாப்பத்தெட்டுல ஒண்ணாவது நல்லபடியா வீட்டுக்குப் போயிருக்கா?"

வால்காரர் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

வினை, ஒரு கூட்டத்தில் தொடங்கியது.

அந்த ஆய்வை நடத்தியவரை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். "நான் எலி டாக்டர்தான், காய்ச்சல்னு என்கிட்ட வராதீங்க" என்று அவரே சொல்லிக்கொள்வார். வால்காரரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. இரத்தம் வேகமாக மோதுவதால் மட்டும் கெடுவதில்லை. மோதிய இடத்தில் உடம்பின் காவல் அணுக்கள் கூட்டமாகப் போய்க் குவிகின்றன. அந்த அழற்சியும் சேர்ந்துதான் சிறுநீரகத்தை அரிக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார். அதனால் பாதி எலிகளுக்கு அந்தக் காவல் அணுக்களை அடக்கும் மருந்தும், மீதிக்கு வெறும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்.

முதல் தொகுதி எலிகளின் முடிவை அன்று திரையில் காட்டினார். வால்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் இருந்த எண்கள் எல்லாம் அவர் எழுதியவை என்பதால் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

"மருந்து குடிச்ச எலிங்களுக்கும் பிரஷர் குறையல. ரெண்டு கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்றார் டாக்டரம்மா. "ஆனா மருந்து குடிச்சதுங்களோட கிட்னி பெரும்பாலும் தப்பிச்சிருக்கு. அழற்சியைத் தடுத்தாலே உறுப்பைக் காப்பாத்தலாம்போல."

அதற்குப் பிறகு அவர் அரை மணி நேரம் பேசினார். இது எலியில் மட்டும்தான், ஒரே ஒரு மருந்தில்தான், இன்னும் எவ்வளவோ பார்க்க வேண்டும் என்று நிதானமாக அடுக்கினார். வால்காரர் காதில் அது எதுவும் ஏறவில்லை. அவருக்கு வேண்டிய வாக்கியம் கிடைத்துவிட்டது. பிரஷர் அதுபாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், அழற்சிக்கு ஒரு மருந்து போட்டுக்கொண்டால் கிட்னிக்குக் குடை பிடித்த மாதிரி!

அன்று மாலையே மருந்துக் கடைக்குப் போனார். அவருக்கு இடது முழங்காலில் வலி. கீழ்த்தட்டுக் கூண்டுகளுக்குக் குந்திக் குந்தி எழுந்த பலன். வலிக்கு ஏதாவது கொடுங்கள் என்றார். கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது வலியை மட்டும் குறைக்குமா, இல்ல அழற்சியையும் அடக்குமா?"

இப்படி ஒரு கேள்வியை அந்தக் கடைக்காரர் அதுவரை கேட்டதில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி-இன்ஃப்ளமேட்டரி சார். அதுக்குத்தான் இது" என்றார்.

வால்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரே கல்லில் முழங்காலும் கிட்னியும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தனக்குத்தானே எழுதிக்கொடுத்துக்கொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் முழங்கால் வலி பறந்தே போனது. அவர் படியேறும் மிடுக்கைப் பார்த்து வாயில் காவலர்கூட, "என்ன சார், வயசு குறையுது!" என்றார்.

ஐந்து வாரம் போனது. காலையில் மாட்டும்போது சரியாக இருக்கும் செருப்பு மாலையில் பிடித்தது. செருப்பு சுருங்கிவிட்டது என்று முடிவு செய்தார். கைக்கடிகாரத்தின் பட்டையை ஒரு துளை தள்ளிப் போட்டார். வெயில் காலம், உடம்பு கொஞ்சம் ஊதத்தான் செய்யும் என்றார். பின்மண்டை கனத்தது. அதற்குத் தலையணையை மாற்றினார். முழங்காலும் பழையபடி முணுமுணுக்க ஆரம்பித்தது. மாத்திரையோடு சேர்த்து ஒரு தைலமும் வாங்கித் தேய்த்தார். நல்ல காரமான தைலம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தும்மியபடியே எழுந்து போய்விடும் அளவுக்குக் காரம்.

அவர் வாயைத் திறக்கவில்லை. காட்டிக் கொடுத்தவை எலிகள்.

இரண்டாம் தொகுதி எலிகளுக்கு ஆய்வு நடந்துகொண்டிருந்த நேரம் அது. எந்தக் கூண்டுக்கு மருந்து, எதற்குத் தண்ணீர் என்பது வால்காரருக்கும் தெரியாமல் குறியீடு போட்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை முதல் நாற்பத்தெட்டு எலிகளுக்கும் ஒன்றுபோல் எண் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் பதினைந்து, இருபது கூடுதல். மருந்து வேலை செய்கிறதா, கெடுக்கிறதா என்று சொல்ல முடியாமல் எல்லாம் ஒன்றாக ஏறினால் ஆய்வே கந்தல்தான்.

டாக்டரம்மா முதலில் கருவியைச் சந்தேகப்பட்டார். அது சரியாக இருந்தது. விரிப்பின் சூட்டைப் பார்த்தார். சரி. தீனி, தண்ணீர், மேலே ஓடும் குளிர்சாதனத்தின் சத்தம், எல்லாம் பழையபடியே. வால்காரரைச் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை. வேறு எதுவும் மிச்சமில்லாத வியாழக்கிழமை, எலி அறையின் கதவைத் திறந்து உள்ளே ஒரு காலை வைத்தார். வைத்த காலோடு நின்றுவிட்டார்.

"அண்ணா, இது என்ன வாசனை?"

"என்ன வாசனை?" என்றார் வால்காரர், கண்ணில் நீர் தளும்ப.

"எனக்கே மூக்கு எரியுது. எலிக்கு எப்படி இருக்கும்? வாசனை சோப்புகூடப் போட்டுட்டு வராதீங்கன்னு எல்லாருக்கும் பாடம் எடுக்குறதே நீங்கதானே?"

வால்காரர் தலையைக் குனிந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், தைலத்தை மறைக்க முடியாது. முழங்கால் வலி என்று மட்டும் சொன்னார். டாக்டரம்மா அதோடு விட்டிருப்பார். ஆனால் குனிந்த தலையைத் தொடர்ந்து அவர் பார்வையும் கீழே போனது. காலுறையின் விளிம்பு வால்காரரின் கணுக்காலில் கயிறு கட்டியதுபோல் பதிந்திருந்தது. அதற்கு மேலே சதை உப்பி நின்றது.

"வலிக்கு வேற என்ன எடுத்துக்குறீங்க?"

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். வால்காரருக்குத் திடீரென்று பெருமை பொங்கிவிட்டது. "உங்க ஆராய்ச்சியை நம்பித்தான் மேடம்" என்று ஆரம்பித்து, பிரஷர், அழற்சி, குடை என்று தன் கண்டுபிடிப்பு முழுவதையும் சொல்லி முடித்தார். பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தார்.

டாக்டரம்மா ஒரு கூண்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம். ஒரு நாளும் விடல."

"பிரஷர் மாத்திரை?"

"அது... அப்பவே நிறுத்தியாச்சு."

"அண்ணா, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நிஜமாவே போட்டவரை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் டாக்டரம்மா. வால்காரர் தன்னையறியாமல் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "நாம எலிக்குக் கொடுக்குறது வேற, நீங்க முழுங்குறது வேற. ரெண்டுக்கும் பேருதான் ஒண்ணு. நீங்க போடுற மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்தையே குறைக்கும். உப்பையும் தண்ணியையும் உடம்புலயே தேக்கி வைக்கும். பிரஷரை இன்னும் ஏத்தும். ஏற்கெனவே பிரஷர் இருக்குறவர் இதை அஞ்சு வாரம் போட்டா, குடை இல்ல அண்ணா, கூரையில ஓட்டை."

 வால்காரர் கையில் இருந்த குழாய்க்குள்ளிருந்து எலி ஒன்று மூக்கை நீட்டிப் பார்த்தது.

"வாங்க, பிரஷர் பாக்கலாம்."

"வேண்டாம் மேடம். உங்களைப் பாத்தாலே எனக்கு ஏறும்."

"அப்ப எலிக்குப் பாக்குற மாதிரியே பாக்கலாம்."

பக்கத்து அறையில் மனிதருக்கான கருவி ஒன்று இருந்தது. டாக்டரம்மா தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினார். விளக்கைத் தணித்தார். நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி, கையை மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா இருந்தார். போதாக்குறைக்கு மூக்குக்குள்ளேயே முனகவும் ஆரம்பித்தார். வால்காரருக்கு அவமானமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இருபத்தோரு வருடமாக இதைத்தான் செய்கிறோம், ஆனால் குழாய்க்குள்ளிருந்து பார்த்தால் இப்படியா இருக்கும் என்று தோன்றியது. முதல் இரண்டு அளவையும் டாக்டரம்மா எழுதவில்லை. அடுத்த ஐந்தை எழுதினார். எல்லாமே நூற்று எழுபத்தெட்டுக்கும் நூற்று எண்பத்திரண்டுக்கும் நடுவில். கீழே நூற்றெட்டு.

ஐந்து எண்ணும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தால் அளவு சரி என்று அர்த்தம். இது அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதி. வாதாட இடமில்லை.

டாக்டரம்மா அவர் மனைவிக்குப் போன் செய்தார். அவள் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக ஆராய்ச்சிக் கூடத்து வாசலுக்கே வந்துவிட்டாள். வால்காரர் பள்ளிக்கூடப் பேருந்தில் பிள்ளைகளுக்கான சின்ன இருக்கையில், முழங்கால் முகவாயில் இடிக்க, மருத்துவமனைக்குப் போனார். வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு பெரிய தொண்டை மௌனமாக இருந்ததுதான் அவருக்கு முதல்முறையாக உண்மையான பயத்தைக் கொடுத்தது.

இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, ஒன்று புள்ளி ஒன்பதில் இருந்தது. வலி மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார்கள். பிரஷருக்கு மாத்திரை தொடங்கினார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். முழங்காலுக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. "சீக்கிரம் வந்துட்டீங்க. பெரும்பாலும் சரியாயிடும். பெரும்பாலும்தான்" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் மனைவிக்கு வாய் திறந்தது.

"வாலைப் புடிக்கிறது உங்க வேலை, சரி. அதுக்காகத் தும்பை விட்டுட்டு வாலைப் புடிக்கணுமா? பிரஷரை விட்டுட்டு வேற எதையோ புடிச்சிருக்கீங்களே."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மாத்திரை போடுறதை ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"நீ திட்டுவேன்னு."

"திட்டுவேன்தான். திட்டு வாங்கினா கிட்னி கெடாதுல்ல?" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. அடுத்த நொடியே சமையலறைக்குள் போய் உப்பு டப்பாவை எடுத்து மேல் அலமாரியில், அவருக்கு எட்டாத உயரத்தில், டங்கென்று வைத்தாள். வால்காரர் அவளைவிட நான்கு விரல் உயரம் குறைவு.

ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். அந்த வாரம் எலிகளின் அளவு பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. அளந்தவர் டாக்டரம்மாவே. இரண்டு விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு, "எப்ப வருவீங்க அண்ணா?" என்று நான்காம் நாளே போன் செய்தார். தைலம் நாறிய அந்த நான்கு நாள் எண்களைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் காரணத்தை எழுதச் சொன்னார். வால்காரர் திரும்பி வந்ததும் தன் கைப்படவே எழுதினார்: அளப்பவரின் முழங்காலில் தைலம். இருபத்தோரு வருடப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக விழுந்த ஒரே அடித்தல் அது. எழுதிவிட்டு வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் ஆய்வு முடிந்தது. எலிகளின் சிறுநீரகத்தை எடுத்துப் பார்க்கும் நாளில் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். வால்காரர் ஒவ்வொரு முறையும் மறுப்பார். தெரியாத கை பட்டால் கடைசி நேரத்தில் பயப்படும் என்பார். அன்றும் அவரே ஒவ்வொன்றாகத் தூக்கி, மயக்க மருந்து ஏறும்வரை உள்ளங்கையில் வைத்து முனகிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. இதையெல்லாம் அவர் வீட்டில் சொல்வதில்லை.

அதற்கு அடுத்த வாரம் மருத்துவமனையில் மறுபரிசோதனை. கிரியாட்டினின் ஒன்று புள்ளி இரண்டுக்கு இறங்கியிருந்தது. பிரஷர் நூற்று முப்பத்தாறு. மருத்துவர் சந்தோஷமாக, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று சும்மா கேட்டுவைத்தார். அது ஒரு தவறு. வால்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பிறவி அழுத்த எலிகளிலிருந்து தொடங்கினார். வெளியே காத்திருந்தவர்கள் வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. இருபது நிமிடம் கழித்து மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, மருத்துவர் ஒரு தாளில் மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் சொல்றது ரொம்ப சுவாரசியமா இருக்கும்மா. அந்த அறிக்கை வந்தா எனக்கு ஒண்ணு கொடுக்கச் சொல்லுங்க."

"அறிக்கை வரட்டும் சார். இப்ப வெளியில இருக்குறவங்களுக்கு இவராலேயே பிரஷர் ஏறுது" என்று சொல்லி, அவர் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள்.

நடக்கச் சொல்லியிருந்ததால் இருவரும் நடந்தே திரும்பினார்கள். கடைத்தெருவைத் தாண்டி, மரங்கள் வரிசையாக நிற்கும் தெருவுக்குள் வந்ததும் அவள் நடையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

"ஏங்க, அந்த மருந்து குடிச்ச எலிங்களுக்கு நிஜமாவே கிட்னி நல்லா இருந்துச்சா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருடைய வேலையைப் பற்றி அவள் கிண்டல் இல்லாமல் கேட்ட முதல் கேள்வி அது. 

"நுண்ணோக்கியில காட்டுனாங்க. ரெண்டு கண்ணாடித் தகடு" என்றார். "ஒண்ணுல சுத்தி எல்லாம் புள்ளி புள்ளியா அடைஞ்சு கிடக்குது. நடுவுல தழும்பு மாதிரி தடிச்சுப் போயிருக்கு. இன்னொண்ணு அப்படியே புதுசா நெய்த துணி மாதிரி. இழை இழையா எண்ணிடலாம். ரெண்டுக்கும் பிரஷர் ஒண்ணுதான். நான்தானே அளந்தேன்."

"அப்ப அந்த மருந்து மனுஷங்களுக்கும் வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். காவல் அணுவை ரொம்ப அடக்கினா வேற நோய் வந்து ஒட்டிக்குமாம். எலிக்கு நல்லது மனுஷனுக்கும் நல்லதுன்னு அவசரப்பட்டுச் சொல்லக்கூடாதுன்னாங்க."

"யாரு, டாக்டரம்மாவா?"

"ம்."

"அதை உங்க முகத்தைப் பாத்துச் சொன்னாங்களா?"

"முகத்தைப் பாத்துத்தான் சொன்னாங்க" என்று ஒப்புக்கொண்டார் வால்காரர்.

அவள் சிரித்துவிட்டாள். தெருவின் அந்தக் கோடியில் நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். வால்காரருக்கும் சிரிப்பு வந்தது. முழங்கால் லேசாக வலித்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வீடு தாண்டும்வரை யோசித்துவிட்டு, "கால் வலிக்குதும்மா" என்று சொன்னார். அவள் கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.